லியோனுக்குள் கரைய மறுத்த ஊர்

பெருநகரின் விளிம்பில் – 9

லியோன் நகரின் ஆறாவது வட்டாரத்தில் கூர் வித்தோன் என்ற அகலமான சாலை கிழக்கு நோக்கிப் போகிறது. ஷார்பென் சந்திப்பைத் தாண்டியதும் அதே சாலைக்குக் கூர் எமில் சோலா என்று பெயர் மாறிவிடுகிறது. இடையில் ஆறு கிடையாது, மேடு கிடையாது, பழைய கோட்டைச் சுவரின் மிச்சம்கூடக் கிடையாது. கடைகளும் வீடுகளும் இடைவெளி இல்லாமல் தொடர்கின்றன. ஆனால் சாலையின் பெயர் மாறுகிற அந்த இடத்தில் மேயர் மாறுகிறார், நகர மன்றம் மாறுகிறது, வரவு செலவுக் கணக்கு மாறுகிறது. மேற்கே லியோன். கிழக்கே வில்லர்பான்.

இன்று 1,50,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர் இது. மக்கள்தொகைக் கணக்கில் பிரான்சின் முதல் 25 நகரங்களுக்குள் வருகிறது. அப்படியிருந்தும் பிரெஞ்சுக்காரர்களிலேயே பலருக்கு இது லியோனின் ஒரு பக்கம், அவ்வளவுதான். சென்ற வாரம் பார்த்த சான் தெனிக்கு அரசர்களின் கல்லறைகள் இருந்தன; பாரிஸ் எவ்வளவு நெருங்கி வந்தாலும் அந்த ஊரின் பெயரை யாராலும் அழிக்க முடியாது. வில்லர்பானுக்கு அப்படிக் காட்டிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. பேராலயம் இல்லை, கோட்டை இல்லை, சொல்லிக்கொள்ளும்படியான ஒரு கடைத்தெருகூட இல்லை. இருந்தும் அது தனி ஊராகவே நிற்கிறது. தனக்கென்று ஒரு நடுவூரை ஏழே ஆண்டுகளில் கட்டிக்கொண்டதுதான் அதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்த ஏழு ஆண்டுகளைப் பற்றியது.

பிரான்சில் ஆட்சியின் கடைசிப் படி கொம்யூன். புதுச்சேரி வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1880ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணையோடு அங்கே வந்த அமைப்பு, வில்லியனூரிலும் பாகூரிலும் கொம்யூன் பஞ்சாயத்து என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. பிரான்சில் நூறு பேர் வாழும் மலைக் கிராமமும் கொம்யூன்தான், லியோனும் கொம்யூன்தான். பெரியது சிறியதைத் தானாகத் தின்றுவிட முடியாது. மேலே அரசு கைகொடுக்க வேண்டும். லியோனுக்கு அந்தக் கை ஒருமுறை கிடைத்தது.

அது 1852. லியோனைச் சுற்றி அப்போது மூன்று தனி ஊர்கள் இருந்தன: பட்டு நெசவாளர் குடியிருந்த க்ருவா ரூஸ், ரோன் நதிக்கு அக்கரையில் கியோத்தியேர், வடமேற்கே வேஸ். 1831, 1834ஆம் ஆண்டுகளில் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்ததை ஆட்சியாளர்கள் மறக்கவில்லை. கிளர்ச்சி ஓர் ஊரில் கிளம்பினால் போலீஸ் இன்னோர் ஊரின் எல்லையில் நிற்க வேண்டியிருந்தது. அதிகாரத்தைக் கைப்பற்றியிருந்த லூயி நெப்போலியன், அந்த ஆண்டு மார்ச் மாதம் ஓர் ஆணையில் மூன்றையும் லியோனோடு சேர்த்தார். லியோனுக்கும் மேயர் பதவி பறிபோனது. நகரம் அரசு அனுப்பிய ஆட்சியரின் கைக்குப் போனது.

அதே ஆணை வில்லர்பானையும் தொட்டது. அதுவரை இசேர் மாவட்டத்தில் இருந்த ஊரை ரோன் மாவட்டத்துக்கு மாற்றியது. ஆனால் லியோனோடு சேர்க்கவில்லை. சேர்க்கும் அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். கூசே என்ற சிறு மேட்டில் பழைய கிராமம். கீழே ஷார்பென், மெசோன் நேவ், க்ருவா லுயிசே என்று சிதறிக் கிடந்த குடியிருப்புகள். நடுவே காய்கறித் தோட்டங்கள், மேய்ச்சல் நிலம். மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தி எழுப்பிய சுவர்கள்தான் வீடுகளுக்கு. 1856ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ரோன் கரையை உடைத்தபோது, இந்தத் தாழ்நிலத்தின் மண் வீடுகள் வரிசை வரிசையாகச் சரிந்தன.

வெள்ளத்தில் சரிந்த அந்த நிலத்துக்கே ரோன் பின்னர் மின்சாரம் கொடுத்தது. லியோனுக்கு மேலே நதியிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜோனாஜ் கால்வாயை வெட்டி, கூசேயில் நீர்மின் நிலையம் அமைத்தார்கள். 1899இல் அது ஓடத் தொடங்கியபோது உலகின் பெரிய நீர்மின் நிலையங்களில் ஒன்று. மலிவான மின்சாரம், மலிவான நிலம், பக்கத்திலேயே லியோனின் பட்டு வணிகம். ஆலைகள் வந்து குவிந்தன: நெசவு, சாயம், ரசாயனம், இயந்திரப் பட்டறைகள். ஊரின் ஊடே ஓடிய ரீஸ் ஓடையில் சாயக்கழிவு கலந்தது. நாறத் தொடங்கியதும் அதை மூடிவிட்டார்கள்.

ஆலைகளுக்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். கிராமத்துப் பிரெஞ்சுக்காரர்கள், பின் இத்தாலியர்கள், ஸ்பானியர்கள், படுகொலைக்குத் தப்பி வந்த ஆர்மீனியர்கள், வட ஆப்பிரிக்கர்கள். 1850களில் சில ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1931இல் 80,000ஐத் தாண்டியது. வீடுகள் அந்த வேகத்தில் வளரவில்லை. ஒரு முற்றம், ஒரு குழாய், ஒரு கழிப்பிடம், சுற்றிலும் ஏழெட்டுக் குடும்பங்கள். ஆலையில் பஞ்சுத்தூசி, வீட்டில் ஈரச்சுவர். இரண்டுக்கும் நடுவே காசநோய்.

லியோன் மறுபடி பார்வையைத் திருப்பியது இந்தக் கட்டத்தில்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோன் மேயராக இருந்த விக்தோர் ஒகாஞர் வில்லர்பானை இணைக்க முயன்றார். அவருக்குப் பின் 1905இல் மேயரான எதுவார் எரியோ சாதாரண ஆளல்ல. 1924இல் பிரான்சின் பிரதமரானவர். இரண்டாம் உலகப் போர்க்காலம் நீங்கலாக 1957 வரை லியோன் அவர் கையில்தான் இருந்தது. இணைப்புக்கு ஆதரவான வாதமும் வலுவானது. ஆலைகள் லியோன்காரர்களுடையவை, டிராம் லியோனுடையது, தொழிலாளி காலையில் எல்லையைத் தாண்டிப் போய் மாலையில் திரும்புகிறான். பிறகு எதற்கு இரண்டு நகர மன்றம்?

வில்லர்பான் தலைவர்களின் பதில் வேறு திசையிலிருந்து வந்தது. எங்கள் ஊர் தொழிலாளர் ஊர். லியோனில் சேர்ந்தால் அதன் கடைசி வட்டாரமாக, கடைசி வரிசையில் நிற்போம். எங்கள் பிள்ளைகளின் நெஞ்சுச்சளி அந்த மன்றத்தின் அவசர வேலையாக இருக்காது. இப்படி யோசித்த மேயர்கள் இருவர் மருத்துவர்களாக இருந்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. 1908 முதல் 1922 வரை சோசலிஸ்ட் மருத்துவர் ஜூல் கிரான்கிளெமான். 1924 முதல் இன்னொரு சோசலிஸ்ட் மருத்துவர், லாசார் கூஜோன்.

கூஜோன் முதலில் திட்டமிட்டது இன்று அந்த நடுவூரில் நிற்கும் வானளாவிகளை அல்ல. அவர் கேட்டது ஓர் உழைப்பாளர் மாளிகை. மேலே பெரிய அரங்கம், கீழே நீச்சல் குளம், ஒரு பக்கம் மருத்துவ நிலையம், இன்னொரு பக்கம் சங்கங்கள் கூடுவதற்கான அறைகள், களைத்து வந்தவன் உட்கார்ந்து குடிக்க ஓர் உணவகம். வீட்டில் குளியலறை இல்லாத ஊரில் நீச்சல் குளம் என்பது முதலில் சுத்தத்துக்கான ஏற்பாடு. விளையாட்டு அதற்குப் பிறகு. இதற்கு வைத்த போட்டியில் வென்றவர் மோரிஸ் லெரூ. கட்டடக்கலைப் பட்டம் இல்லாதவர், பெயர் தெரியாதவர். அவர் கையில் ஒரு நகராட்சி இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்த துணிச்சலை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்புதான்.

மாளிகைக்கு எதிரே ஒரு சதுக்கம் வேண்டும். சதுக்கம் இருந்தால் நகர மன்றம் அங்கே வரலாமே என்றார்கள். லியோன் கட்டடக்கலைஞர் டோனி கார்னியேயின் மாணவரான ரொபேர் ஜிரூவுக்கு அந்தக் கட்டடம் போயிற்று. இரண்டும் வெட்டவெளியில் நின்றால் எப்படி? பக்கத்தில் மக்கள் குடியிருக்க வேண்டாமா? இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகத் திட்டம் வளர்ந்து, கூர் எமில் சோலாவிலிருந்து நகர மன்றம் வரை நேராக ஒரு அவென்யூவும் அதன் இருபுறமும் சுமார் 1,500 வீடுகளும் என்றாயிற்று.

கூர் எமில் சோலாவில் நின்று தெற்கே பார்த்தால், அவென்யூவின் வாசலில் இரண்டு பக்கமும் 19 மாடிக் கோபுரங்கள். அவற்றைத் தாண்டி உள்ளே போனால் 9 முதல் 11 மாடி வரையிலான தொகுதிகள். மேல் மாடிகள் படிப்படியாகப் பின்வாங்குவதால் கீழே தெருவுக்கு வெளிச்சம் இறங்குகிறது. பின்வாங்கிய ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவருக்கு மொட்டைமாடி கிடைக்கிறது. எலும்புக்கூடு முழுக்க எஃகு, இடையில் துளைச் செங்கல். நியூயார்க்கில் அலுவலகங்களுக்காகப் பழகிய முறை அது. அதை இங்கே தொழிலாளியின் குடித்தனத்துக்குக் கொண்டுவந்தார்கள். தரைத்தளம் முழுவதும் கடைகள்.

வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். முற்றத்துக் குழாயில் வாளி வைத்துக் காத்திருந்த பெண், மின்தூக்கியில் ஏறி எட்டாம் மாடியில் இறங்கிக் கதவைத் திறக்கிறாள். சமையலறையில் குழாயைத் திருகினால் வெந்நீர் வருகிறது. கழிப்பறை வீட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. குளிர்காலத்தில் கரி அள்ளிக்கொண்டு மாடி ஏற வேண்டியதில்லை. சுவரோரம் வெப்பமூட்டி சூடாக இருக்கிறது. அந்தச் சூடு ஒரு பொது உலையிலிருந்து நிலத்தடிக் குழாய்கள் வழியாக எல்லாத் தொகுதிகளுக்கும் வருகிறது. உலையில் கரியோடு சேர்ந்து எரிவது ஊர்க் குப்பை. தெருவைச் சுத்தமாக்கிய குப்பைதான் வீட்டைச் சூடாக்கியது! 1930களில் லியோனின் வசதியான தெருக்களிலேயே எல்லா வீட்டிலும் இந்த வசதிகள் இருந்துவிடவில்லை.

பணம்? நகராட்சியால் நேரடியாக இவ்வளவும் செலவழிக்க முடியாது. 1931இல் வில்லர்பான் நகரமைப்பு நிறுவனம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நகராட்சியும் தனியாரும் பங்குதாரர். நிறுவனம் கடன் வாங்கும், நகராட்சி அதற்குப் பிணை நிற்கும், வீட்டு வாடகையும் கடை வாடகையும் கடனை அடைக்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அமெரிக்காவில் 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் அதே 1931இல்தான் பிரான்சுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

1934 ஜூனில் திறப்பு விழா கொண்டாட்டமாக நடந்தது. அதே ஆண்டு எல்லைக்கு அப்பால், எரியோவின் லியோனில், டோனி கார்னியே கட்டிய எதாசூனி தொழிலாளர் குடியிருப்பும் நிறைவுக்கு வந்தது. தனித்தனித் தொகுதிகளாகத் தாழ்வான கட்டடங்கள், நடுவே மரங்கள். அமைதியான, நல்ல வேலை. ஆனால் அது நகரத்தின் ஓரத்தில் கட்டிய குடியிருப்பு. வில்லர்பான் தன் தொழிலாளர்களைக் குடிவைத்தது ஊரின் நடுவில், நகர மன்றத்தின் வாசலில். இரண்டையும் ஒப்பிட்டால் என் மனம் வில்லர்பான் பக்கமே சாய்கிறது.

விழா முடிந்ததும் கடன் தலைதூக்கியது. ஆலைகள் ஆட்களைக் குறைத்தன. வேலை போனவன் புது வீட்டுக்கு வாடகை எங்கே கொடுப்பான்? வீடுகள் வேகமாக நிரம்பவில்லை. நிறுவனத்தால் தவணை கட்ட முடியாமல் பிணை நின்ற நகராட்சியின் கழுத்தில் சுமை ஏறியது. 1935 மே மாதத் தேர்தலில் கூஜோன் தோற்றார். கம்யூனிஸ்ட் கமீல் ஜோலி மேயரானார். ஓராண்டுக்கு முன் திறந்துவைத்த நகர மன்றத்திலிருந்து, அதைக் கட்டியவர் வெளியேறினார். வாக்காளர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. வெறும் வயிற்றோடு இருப்பவனுக்கு 19 மாடி வீண்செலவாகத் தெரிவது இயல்புதான். ஆனால் கட்டடங்கள் நின்றன, மெல்ல வீடுகளும் நிரம்பின.

போர் வந்தபோது இந்த நடுவூர் வேறு விதத்தில் அடையாளம் ஆயிற்று. 1942 நவம்பரில் ஜெர்மானியர் லியோனுக்குள் புகுந்தார்கள். 1943 பிப்ரவரியில் பிரெஞ்சு இளைஞர்களை ஜெர்மானிய ஆலைகளுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பும் சட்டம் வந்தது. மார்ச் 1ஆம் தேதி ஜெர்மானியப் படை வானளாவிகள் இருக்கும் பகுதியைச் சுற்றி வளைத்து ஆண்களைப் பிடித்தது. தொழிலாளிகள், கடைக்காரர்கள், வழியில் போனவர்கள் என்று பிடிபட்டவர் நூற்றுக்கணக்கில். அவர்களில் பலரை மௌத்தவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஊர் எழுந்தது. கார்மாஞோல் என்ற போராளிக் குழு லியோன் பகுதியில் 1942 முதல் இயங்கிக்கொண்டிருந்தது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குடியேறிகளும் குடியேறிகளின் பிள்ளைகளும்: போலந்து, ஹங்கேரி, ருமேனியாவிலிருந்து வந்த யூத இளைஞர்கள், இத்தாலியர்கள், ஸ்பானியர்கள். 1944 ஆகஸ்ட் 24 அன்று அவர்கள் வில்லர்பானில் வாகனங்களைக் கைப்பற்ற இறங்கினார்கள். தெருவில் கூட்டம் கூடியது. விடுதலைப் படை வந்துவிட்டது என்று நினைத்தவர்களும் உண்டு. சில மணி நேரத்தில் தெருக்கற்களைப் பெயர்த்தும் மரங்களை வெட்டிச் சாய்த்தும் தடுப்புகள் எழுந்தன. நகர மன்றம் போராளிகள் வசமானது. அமெரிக்கப் படை இன்னும் தொலைவில் இருந்தது. ஜெர்மானியர் பீரங்கியோடு திரும்பி வந்தார்கள். 26ஆம் தேதி, ஊர்மக்கள் பழிவாங்கப்படக் கூடாது என்று போராளிகள் பின்வாங்கினார்கள். லியோன் விடுதலையானது செப்டம்பர் 3ஆம் தேதி.

இந்த மூன்று நாட்களுக்குப் பிரெஞ்சு வரலாற்றில் கிடைத்த இடம் மிகச் சிறியது. அதே நாட்களில் பாரிஸ் விடுதலையானதால் உலகத்தின் கண் அங்கே இருந்தது. பிரான்சுக்காக ஆயுதம் எடுத்தவர்களில் பலரிடம் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கவில்லை. அவர்களை நினைவில் வைத்திருப்பது இந்த ஊரின் பொறுப்பாயிற்று. ஊர் அதைச் செய்கிறது. மூடிப்போன ரீஸ் ஓடையின் பெயரில் 2008 முதல் ஒரு நினைவு மையம் இயங்குகிறது. தொழிலாளர், குடியேறிகள் ஆகியோரின் நினைவுகளைச் சேகரிப்பதே அதன் வேலை.

கூஜோன் 1947இல் எழுபது வயதைத் தாண்டியவராக மறுபடி மேயரானார். 1954 வரை இருந்தார். அவர் கட்டிய மாளிகையின் அரங்கத்துக்கு 1957இல் ரொஜே பிளான்ஷோன் என்ற இளைஞர் வந்தார். லியோனில் நூறு பேர் உட்காரும் சின்ன அரங்கத்தில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தவர். ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றியோடு தொடங்கினார். ஆலைகளுக்கும் சங்கங்களுக்கும் ஆட்களை அனுப்பி, உங்களுக்கு என்ன நாடகம் வேண்டும் என்று கேட்கவைத்தார். மக்கள் அலெக்சாந்தர் தூமாவைக் கேட்டார்கள். அவர் மூன்று வீரர்களின் கதையை மேடையேற்றினார். 1972இல் அரசு ஒரு பெரிய முடிவெடுத்தது. 1920இல் பிர்மான் ஜெமியே தொடங்கி, ஜான் விலார் புகழ்பெறச் செய்த தேசிய மக்கள் அரங்கம் என்ற பெயரும் பொறுப்பும் பாரிசிலிருந்து வில்லர்பானுக்கு வந்தன. பிளான்ஷோன், பத்ரிஸ் ஷெரோ, ரொபேர் ஜில்பேர் மூவரும் அதை நடத்தினார்கள். நாட்டின் பெயர்பெற்ற நாடக நிறுவனம் ஒன்று பாரிசை விட்டு வெளியேறி, லியோனுக்கும் போகாமல், நீச்சல் குளத்துக்கு மேலே இருந்த ஒரு தொழிலாளர் அரங்கத்துக்குப் போனது. பிரான்ஸ் போல எல்லாவற்றையும் தலைநகரில் குவித்துவைக்கும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வடக்கே லா துவா என்ற பழைய ராணுவ மைதானம், போரில் போராளிகளைச் சுட்டுக்கொன்ற இடம், இன்று தேசியக் கல்லறைத் தோட்டம். அதன் பக்கத்திலேயே 1957இல் பொறியியல் கல்லூரியான இன்சா தொடங்கியது. பள்ளி முடித்ததும் நேரே சேர்ந்து படிக்கலாம் என்பதால், ஆயத்த வகுப்புகளுக்கு வழியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அது கதவு திறந்தது. கூடைப்பந்தில் அஸ்வெல் அணி பிரான்சின் சாம்பியன் பட்டத்தை மற்ற எந்த அணியையும்விட அதிக முறை வென்றிருக்கிறது. 1977 முதல் 1990 வரை மேயராக இருந்தவர் ஷார்ல் எர்னு. பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது 1985இல் ரெயின்போ வாரியர் கப்பல் குண்டுவெடிப்பு விவகாரத்தில் பதவி விலகியவர். அவர் காலத்தில் சுவிஸ் கட்டடக்கலைஞர் மாரியோ போத்தா வரைந்த நூலகம் 1988இல் திறந்தது. சாய ஆலைகளும் நெசவாலைகளும் ஒவ்வொன்றாக மூடின.

லியோன் மெட்ரோவின் முதல் தடம் 1978இல் ஓடத் தொடங்கியபோது, அது வில்லர்பான் வழியாகவே கிழக்கே போனது. வானளாவிகளின் வாசலில் ஒரு நிலையம். 2015இல் லியோனும் சுற்றுவட்டாரக் கொம்யூன்களும் சேர்ந்த பெருநகர நிர்வாகம் வந்தது. சாலை, குடிநீர், குப்பை, நகரமைப்பு எல்லாம் அதன் கையில். வில்லர்பான் மேயரின் அதிகாரம் இதனால் சுருங்கியது உண்மை. ஆனாலும் மன்றம் தனி, தேர்தல் தனி, பள்ளிகளையும் பண்பாட்டு அமைப்புகளையும் நடத்துவது ஊர்தான். 2022இல் பிரான்சின் பண்பாட்டுத் தலைநகர் என்ற பட்டத்தை அரசு முதன்முதலாக வழங்கியபோது அது வில்லர்பானுக்குக் கிடைத்தது.

ஒரு குறை மட்டும் இன்னும் தீரவில்லை. லா துவா வளாகத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் லியோன் 1. இன்சாவின் பெயர்ப்பலகையிலும் லியோன்தான். அங்கே படித்துவிட்டுப் போகிற மாணவர்களில் எத்தனையோ பேர் லியோனில் படித்ததாகவே வாழ்நாள் முழுக்கச் சொல்வார்கள். இதற்கிடையே, 1934இல் கூர் எமில் சோலாவோடு நின்றுபோன அவென்யூவைச் சாலைக்கு வடக்கேயும் நீட்டி, வீடுகளும் கடைகளும் பள்ளியுமாக நடுவூரைப் பெரிதாக்கும் வேலையை வில்லர்பான் கையில் எடுத்திருக்கிறது.

அடுத்த வாரம் பாரிசின் வடகிழக்கே, திரான்சி.

(தொடரும்)